முகவரி இல்லாத பாடங்கள்



இவ்விடுகையைச் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். பூசி மெழுகிச் சொன்னால் இச்செய்தி எவர் காதிலும் ஏறாது என்பதைக் கடந்த சில மாதங்களில் நன்றாகவே கண்டுகொண்டேன். கணினிக் கலைச்சொற்கள் சில இடையிடையே வரும். ஆசிரியர்களும் பெற்றோர்களும் அவற்றைக் கண்டு பின்வாங்க வேண்டா. நம் பணத்தில், நம் பிள்ளைகளுக்காகக் கட்டப்படும் இணையத்தளம் எப்படி இயங்குகிறது என்று நாம் அறியாமல் இருப்பது சிலருக்கு மிக வசதியாகப் போய்விடுகிறது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளியின் தமிழ்மொழிப் பணித்தியம் ஒன்பது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பாடங்கள் ஒரு பழைய தளத்தில் இருந்தன. மரபுத்தொடர், இணைமொழி, இரட்டைக்கிளவி, செய்யுள் விளக்கம், வலிமிகும் இடம், வலிமிகா இடம் என்று இருநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். பார்வைக்கு மிக எளிய தளம். அழகென்று சொல்ல அதில் எதுவும் கிடையாது. ஆனால், ஒவ்வொரு பாடத்திற்கும் தனக்கென ஒரு முகவரி இருந்தது. அந்த முகவரியைப் புலனக் குழுவில் அனுப்பினால், பெற்றோர் தொட்டவுடன் பாடம் திறக்கும். முகவரிகளைக் கியூஆர் குறிகளாக அச்சிட்டு மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களிலும் ஒட்டி வைத்திருந்தோம்.

தளத்தைப் புதுப்பிக்கலாம் என்று முடிவாயிற்று. பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் திரட்டியது. ஒரு நிறுவனம் வந்தது. அதன் பெயர் இங்கே வேண்டா. மூன்று கிழமைகளில் பளபளக்கும் தளம் ஒன்றைக் கட்டித் தந்தது. திறப்பு நாளன்று மண்டபத்துத் திரையில் ஒரு பாடத்தைத் தொட்டார்கள். பக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொன்றைத் தொட்டார்கள், கண்ணிமைப்பதற்குள் மாறியது. எல்லாரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். அதை மறைப்பானேன்?

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை இரவு. மறுநாள் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு மொழியணிச் சோதனை. உவமைத்தொடர்ப் பாடத்தின் முகவரியைப் புலனக் குழுவில் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஓர் அம்மா எழுதினார்: "ஐயா, பக்கம் இல்லை என்று வருகிறது." அடுத்தவரும் அதையே எழுதினார். என் மடிக்கணினியிலோ அதே பக்கம் என் கண் முன்னே திறந்திருக்கிறது! "இருக்கிறதே அம்மா, மறுபடி தொட்டுப் பாருங்கள்" என்று நான் எழுத, "இல்லை ஐயா" என்று அவர்கள் எழுத, அரை மணி நேரம் வீணாயிற்று. சிலர் தங்கள் கைப்பேசிதான் பழுது என்று எண்ணி அண்டை வீட்டாரின் கைப்பேசியில் முயன்றிருக்கிறார்கள். கடைசியில் ஒரு தந்தையார், பட்டறையில் வேலை செய்பவர், "ஐயா, உங்கள் திரையில் அந்தப் பக்கத்தை ஒரு முறை மீண்டும் ஏற்றிப் பாருங்கள்" என்றார். ஏற்றினேன். 404. என் கண் முன்னே இருந்த பாடம் காணாமற்போயிற்று.

முகப்புக்குப் போய், பட்டியலைத் திறந்து, அங்கிருந்து தொட்டால் மட்டும் பாடம் வந்தது. திரையைப் படமெடுத்து ஒன்பது படங்களாக அனுப்பிவிட்டுப் படுத்தேன். மறுநாள் நிறுவனத்தாரை அழைத்துக் கேட்டபோது கிடைத்த விடை இது: "அது வழு அன்று ஐயா. இக்காலத் தளங்கள் அப்படித்தான் இயங்கும். பெற்றோரை முகப்புக்கு வந்து அங்கிருந்து உள்ளே போகச் சொல்லுங்கள்."

இந்த ஒரு விடையை எதிர்த்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒரு முகவரிக்கு எந்தப் பக்கம் உரியது என்று முடிவு செய்யும் வேலைக்கு வழிப்படுத்தல் என்று பெயர். அந்த வேலையை யார் செய்வது என்பதே இங்குள்ள வழக்கு. பழைய முறையில் வழங்கி செய்கிறது. உலாவி, 'உவமைத்தொடர்ப் பாடம் வேண்டும்' என்று முகவரியைச் சொல்லிக் கேட்கிறது. வழங்கி அதைத் தேடியெடுத்து முழுப்பக்கமாகத் தந்துவிடுகிறது. இல்லாவிட்டால் இல்லை என்று சொல்கிறது, அதுதான் 404. வேறிடத்திற்கு மாற்றப்பட்டிருந்தால் புதிய இடத்தைச் சொல்லி அனுப்புகிறது. அதற்கு 301 என்று எண்.

புதிய முறையில் அந்த வேலை உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குப் போய்விடுகிறது. வழங்கி முதலில் தருவது ஏறத்தாழ வெறுமையான ஒரு பக்கமும் பெரிய நிரல்கோப்பு ஒன்றும்தான். நிரல் இறங்கி, ஓடத் தொடங்கி, முகவரியைத் தானே படித்து, பாடத்தின் உள்ளடக்கத்தைத் தனியே கேட்டு வாங்கித் திரையில் வரைகிறது. அதன்பின் நாம் எந்தச் சுட்டியைத் தொட்டாலும் நிரல் இடைமறிக்கிறது. வழங்கியிடம் புதுப்பக்கம் கேட்கப்படுவதில்லை. முகவரிப் பட்டையில் உள்ள எழுத்துகள் மட்டும் மாறுகின்றன. நாம் வேறு பக்கத்திற்குப் போய்விட்டதாக எண்ணுகிறோம்; உண்மையில் அதே பக்கத்தில்தான் இருக்கிறோம், உள்ளே இருப்பது மட்டும் மாறியிருக்கிறது.

பள்ளியை வைத்தே சொல்கிறேன். வாயிலில் காவலர் இருக்கிறார். "நான்காம் ஆண்டு வள்ளுவர் வகுப்பு எங்கே?" என்று ஒரு தாய் கேட்கிறார். காவலர் கூட்டிக்கொண்டு போய் விடுகிறார். இது வழங்கிவழி. புதிய முறையில் காவலர்க்கு எந்த வகுப்பும் தெரியாது. வருகிறவர்கள் எல்லாருக்கும் பள்ளி முழுவதன் வரைபடத்தையும் ஒரே கட்டாகக் கொடுத்து, "நீங்களே பார்த்துப் போய்க்கொள்ளுங்கள்" என்கிறார். வரைபடம் கையில் உள்ளவர்கள் உள்ளே விரைவாகத்தான் நடமாடுவார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், வகுப்பின் பெயரை மட்டும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு நேரே வருகிற தாயிடம் இந்தக் காவலர், "அப்படி ஒரு வகுப்பே இங்கில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார். ஞாயிற்றுக்கிழமை இரவு என் குழுவிலிருந்த பெற்றோர்க்கு நேர்ந்தது அதுவே. வரைபடம் ஏற்கெனவே என் கையில் இருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டிய நிறுவனத்தார்க்கும் தெரியவில்லை. அவர்கள் எப்பொழுதும் முகப்பு வழியாகவே உள்ளே போய்ச் சோதித்திருக்கிறார்கள்.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. "இக்காலத் தளம்" என்ற சொல்லுக்கு நாம் மயங்காதிருக்க அது உதவும். 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் வந்தபோது, பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே உள்ளடக்கத்தை மாற்றிக்காட்டும் முறை பெரும்புகழ் பெற்றது. அம்முறைக்கு ஏஜாக்ஸ் என்ற பெயரை 2005இல் சூட்டியவர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட். முகவரி மாறாமல் பக்கம் மாறியதால் குறித்து வைக்கவோ பிறர்க்கு அனுப்பவோ முடியவில்லை. அதற்கு ஒட்டு வேலையாக முகவரியின் கடைசியில் # குறியிட்டு எழுதினார்கள். # குறிக்குப் பின்னால் உள்ளதை உலாவி வழங்கிக்கு அனுப்புவதே இல்லை! நீங்கள் எந்தப் பாடத்தைக் கேட்டீர்கள் என்பது வழங்கியின் காதுக்கே எட்டாது. தேடுபொறிகள் திணறின. கூகுள் 2009இல் இதற்கென ஒரு தனி ஏற்பாட்டை முன்மொழிந்து, 2015இல் அதைக் கைவிட்டது. இதற்கிடையே, 2010 முதல் உலாவிகளில் புஷ்ஸ்டேட் என்னும் வசதி வந்து சேர்ந்தது. பக்கத்தை ஏற்றாமலே முகவரிப் பட்டையில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ள அது இடங்கொடுத்தது. முகவரிகள் மீண்டும் அழகாயின. ஆனால், அழகான அந்த முகவரிகளுக்கு வழங்கியிடம் விடை உண்டா என்று பார்ப்பதைப் பலர் மறந்தனர்.

பெரிய நிறுவனங்களே இதில் இடறி விழுந்திருக்கின்றன. 2010இல் டுவிட்டர் தன் தளத்தை உலாவிவழி முறைக்கு மாற்றியது. 2012 மே மாதத்தில் முதற்பக்கத்தை வழங்கியிலேயே ஆயத்தம் செய்யும் முறைக்குத் திரும்பியது. முதல் ஏற்றத்திற்கு ஆகும் நேரம் முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததென்று அந்நிறுவனத்தின் பொறியாளர்களே எழுதினர். 2011 பிப்ரவரியில் காக்கர் என்னும் அமெரிக்க ஊடக நிறுவனம் தன் தளங்களையெல்லாம் இவ்வாறே மாற்றியது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் நேர்ந்த ஒரு பிழையால் அத்தளங்கள் வெற்றுப் பக்கங்களாகக் காட்சியளித்தன. ஒரு கட்டுரைகூட அழியவில்லை. எல்லாம் வழங்கியில் பத்திரமாக இருந்தன. எடுத்துக் கொடுக்கத்தான் ஆளில்லை.

இவ்வளவும் நடந்த பிறகு, 2013இல் பொதுவெளிக்கு வந்த ரியாக்ட்டைச் சுற்றியே வழங்கிவழி முறைக்கான கருவிகள் எழுந்தன. 2016இல் நெக்ஸ்ட்.ஜேஎஸ் வந்தது. வெற்றுப் பக்கமும் நிரல்கோப்புமாகத் தளம் கட்டப் பல ஆண்டுகளாகப் பயன்பட்ட 'கிரியேட் ரியாக்ட் ஆப்' என்னும் கருவியைப் புதிய வேலைகளுக்குப் பயன்படுத்த வேண்டா என்று ரியாக்ட் குழுவினரே 2025 பிப்ரவரியில் அறிவித்துவிட்டனர். எங்களுக்குக் கட்டித் தரப்பட்ட தளம் எந்தக் கருவியால் ஆனது என்று ஊகித்துக்கொள்ளுங்கள். செய்தவர்களே கைவிட்ட முறையை நம் தலையில் கட்டிவிட்டு, "இக்காலத் தளம்" என்று விலைச்சீட்டில் எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நிறுவனத்தார் பின்னர் ஒரு திருத்தம் செய்தார்கள். 'ஒரே வரி வேலை' என்றார்கள். உண்மையே. எந்த முகவரியைக் கேட்டாலும் முகப்புக் கோப்பையே கொடு என்று வழங்கிக்கு ஒரு கட்டளை. அதன்பின் உவமைத்தொடர்ப் பக்கம் நேராகத் திறந்தது. சிக்கல் தீர்ந்ததென்று பலரும் மகிழ்ந்தனர். நான் மகிழவில்லை. ஏனென்றால், அன்று முதல் எங்கள் வழங்கி எவரிடமும் 'இல்லை' என்று சொல்வதை நிறுத்திவிட்டது. பிழையாகத் தட்டச்சு செய்த முகவரிக்கும், என்றோ நீக்கப்பட்ட பாடத்திற்கும், வாய்க்கு வந்தபடி எழுதிய எழுத்துகளுக்கும் 'உண்டு, எல்லாம் சரி' என்று 200 எண்ணையே விடையாகத் தருகிறது. திரையிலோ வெற்றிடம். இல்லாததை உண்டென்று சொல்லும் காவலரை நாம் பள்ளி வாயிலில் வைத்திருப்போமா?

இதில் கொடுமை பழைய முகவரிகளுக்கு நேர்ந்தது. ஒன்பது ஆண்டுகளாகப் புத்தகங்களில் ஒட்டிய கியூஆர் குறிகள் எல்லாம் முகப்பைக் காட்டின. பழைய முகவரி இன்னது, புதிய முகவரி இன்னது என்று 301 சொல்லி அனுப்பும் வேலை வழங்கிக்கு உரியது. அவ்வேலையைச் செய்ய எவரும் எண்ணவே இல்லை. ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் அக்காளின் புத்தகத்தை வைத்துப் படிக்கிறாள். அதில் ஒட்டியிருந்த குறியை வருடினாள். திறப்பு விழாப் படம் வந்தது. "ஐயா, அக்காவுடைய பாடத்தை அழித்துவிட்டீர்களா?" என்று கேட்டாள். அழிக்கவில்லை என்றேன். "பிறகு ஏன் வரவில்லை?" என்றாள். பத்து வயதுப் பிள்ளைக்கு நான் என்ன விடை சொல்வது?

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, முகவரிகள் மாறக்கூடா என்பதை வற்புறுத்தி 1998இலேயே ஒரு கட்டுரை எழுதினார். முகவரி தானாக மாறுவதில்லை, மனிதர்களே மாற்றுகிறார்கள் என்பது அதன் சாரம். உலகின் முதல் இணையத்தளம் 1991இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. 2013இல் செர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மீண்டும் நிறுவியது. இன்றும் திறக்கலாம். எங்கள் பள்ளியின் இரட்டைக்கிளவிப் பாடம் அவ்வளவு பெரிய வரலாற்றுச் சின்னம் அன்று என்பது எனக்கும் தெரியும். ஆனால், அதைத் தேடி வருகிற பிள்ளைக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

இனி, பெற்றோர்கள் நாள்தோறும் படும் இடர்களுக்கு வருகிறேன்.

புலனத்தில் ஒரு சுட்டியை ஒட்டினால் அதன் கீழே தலைப்பும் சிறு விளக்கமும் தோன்றுமல்லவா? புலனம் அதற்காக ஜாவாஸ்கிரிப்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. வழங்கி தரும் எச்.டி.எம்.எல். பக்கத்தில் உள்ள தலைப்பைப் படித்துக் காட்டுகிறது. எங்கள் புதிய தளத்தில் எல்லா முகவரிக்கும் ஒரே வெற்றுப்பக்கம். ஆகவே, எதை அனுப்பினாலும் பள்ளியின் பெயரும் சின்னமும் மட்டுமே தெரியும். ஒரே வாரத்தில் ஏழு பாடங்கள் அனுப்பினேன். ஏழும் ஒன்றுபோலவே இருந்தன. எது மரபுத்தொடர், எது செய்யுள் என்று பெற்றோர் எப்படி அறிவார்?

அடுத்தது எடை. உவமைத்தொடர்ப் பாடம் ஏறத்தாழ அறுநூறு சொற்கள். ஒருங்குறியில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு என்று கணக்கிட்டாலும் அது பதினைந்து கிலோபைட்டைச் சுற்றியே வருகிறது. அதைக் காட்டுவதற்காக இறங்கிய நிரல்கோப்பை அளந்து பார்த்தேன்: இரண்டு மெகாபைட்டுக்குச் சற்றே குறைவு. ஒரு பிடி அரிசி வாங்க ஒரு லாரி! மண்டபத்து அகலக்கற்றையில் இது தெரியாது. சுங்கை சிப்புட் பக்கம் உட்புறத் தோட்டத்தில் முன்கட்டணத் தரவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் பாட்டிக்குத் தெரியும். அவருடைய பழைய கைப்பேசி நிரலை இறக்கி, அலசி, ஓட்டி முடிப்பதற்குள் பேரப்பிள்ளை வேறு விளையாட்டுக்குப் போய்விடுகிறான். "விரைவு" என்று நமக்கு விற்கப்பட்டது இரண்டாம் பக்கத்தின் விரைவு. நம் பெற்றோர்களோ புலனத்திலிருந்து ஒரு பாடத்தைத் திறந்து, படித்து, மூடிவிடுகிறவர்கள். முதற்பக்கமே அவர்களுக்குக் கடைசிப்பக்கம்.

பார்வைக் குறைபாடுள்ள பெற்றோர் ஒருவரும் எங்கள் குழுவில் இருக்கிறார். திரைவாசிப்பான் துணையுடன் படிப்பவர். வழங்கியிலிருந்து புதிய பக்கம் வந்தால் வாசிப்பான் புதிய தலைப்பைச் சொல்லும். உலாவிவழி மாற்றத்தில் நிரலை எழுதியவர் அதற்கென்று தனியே எழுதினாலொழிய வாசிப்பான் வாய் திறக்காது. அவர் ஒரு சுட்டியைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

தமிழ் முகவரிகளைப் பற்றியும் ஒரு சொல். பழைய தளத்தில் பாட முகவரிகளைத் தமிழிலேயே வைத்திருந்தோம். 'அம்மா' என்பது கரும்பலகையில் மூன்று எழுத்து. ஒருங்குறியில் ஐந்து குறி. விழுக்காட்டுக் குறியிட்டு முகவரியாக அனுப்பும்போது 45 எழுத்து. உலாவியின் நிரல் இந்த 45ஐப் பார்த்து, தன் பட்டியலில் உள்ள 'அம்மா'வோடு ஒப்பிட்டால் பொருந்தாது. முதலில் குறிநீக்கம் செய்ய வேண்டும். 'தொ' என்பதை ஒற்றை உயிர்க்குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. இதையும் ஒருப்படுத்த வேண்டும். அரிய வேலை அன்று. தெரிந்தவர்களுக்குச் சில வரிகள். நிறுவனத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? தமிழ் முகவரிகளைத் தூக்கிவிட்டு 137, 138 என்று எண்ணிட்டுவிட்டார்கள். சிங்கப்பூர் 2011 முதல் '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே ஓர் உயர்நிலைப் பெயரை வைத்திருக்கிறது. தமிழ்ப்பள்ளியின் தளத்தில் தமிழுக்கு இடமில்லை!

இன்னொன்று, இதுவே என்னை மிகவும் அச்சுறுத்தியது. புள்ளிப் பதிவும் அடுத்த சோதனையின் வினாக்களும் அடங்கிய ஆசிரியர் பகுதி ஒன்று தளத்தில் இருந்தது. பட்டியலில் அது மாணவர்க்குத் தெரியாது. ஆகவே பாதுகாப்பு என்று எங்களிடம் சொல்லப்பட்டது. ஆனால், உலாவிவழி முறையில் முகவரிப் பட்டியல் முழுவதும் அந்த நிரல்கோப்பிலேயே எழுதப்பட்டு, வருகிறவர் அனைவர் கைக்கும் போய்ச் சேருகிறது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் நிரலைத் திறந்து அந்த முகவரியைப் படித்துவிட்டு, நேர்மையாக என்னிடமே வந்து காட்டினான். தொட்டுப் பார்த்தோம். கடவுச்சொல் கேட்கும் திரை வந்தது. ஆனால், அத்திரைக்குப் பின்னால் வினாத்தாளை எடுத்துத் தரும் வழங்கி எவரையும் எதுவும் கேட்கவில்லை, கேட்டவுடன் கொடுத்தது. திரைச்சீலையில் பூட்டுப் படம் வரைந்துவிட்டுக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். உலாவியில் வைக்கும் தடை வெறும் அறிவிப்புப் பலகை. பூட்டு வழங்கியில் இருக்க வேண்டும். அந்தப் பகுதியை அன்றே மூடச் செய்தேன். பையனுக்கு ஓர் அகராதியைப் பரிசாகக் கொடுத்தேன்.

உலாவிவழி முறையே தீது என்று நான் சொல்லவில்லை. சொற்புதிர், இழுத்துப் பொருத்தும் பயிற்சி, வினாவுக்கு வினா நகரும் இயங்கலைச் சோதனை ஆகியவற்றுக்கு அதுவே ஏற்றது. பிள்ளை ஒவ்வொரு வினாவுக்கும் பக்கம் ஏறக் காத்திருக்கக் கூடாது. தொடர்பு விட்டுப்போனாலும் எழுதிய விடை அழியக் கூடாது. அங்கே வைத்துக்கொள்ளட்டும். இரண்டையும் இணைக்கும் வழியும் உண்டு: முதற்பக்கத்தை வழங்கி முழுமையாகத் தந்துவிடும், அதன்பின் நிரல் பொறுப்பேற்றுக்கொள்ளும். பக்கம் வழுக்கிக்கொண்டு வருவதுதான் வேண்டும் என்றால், 2024 முதல் குரோம் உலாவியில் வழங்கிவழிப் பக்கங்களுக்கிடையிலும் அந்த அசைவைக் காட்டச் சில வரி அலங்காரக் குறிப்புகளே போதும். கைதட்டலுக்காகப் பாடங்களைப் பலி கொடுக்கத் தேவையில்லை.

பாடம் என்பது படிக்கப்படுவது. அஃது ஓர் எச்.டி.எம்.எல். கோப்பாக, தன் முகவரியில், வழங்கியில் இருக்க வேண்டும். இருநூறு பாடங்களை இருநூறு கோப்புகளாக முன்கூட்டியே ஆக்கி வைத்துவிட்டால் மிக மலிவான வழங்கியே போதும். நிரல் பழுதானாலும் பாடம் திறக்கும். எங்கள் தளத்தைக் கட்டியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அறிந்த ஒரே அச்சில் எல்லாவற்றையும் வார்ப்பது அவர்களுக்கு எளிது, அவ்வளவே. நாமும் கேட்கவில்லை. முகப்பின் நிறம் பற்றி எங்கள் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினோம். முகவரி பற்றி ஒரு நிமிடமும் பேசவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே, உங்கள் பள்ளி இப்படியொரு வேலைக்குப் பணம் கொடுக்குமுன் மண்டபத்துத் திரையைப் பார்க்காதீர்கள். உங்கள் சொந்தக் கைப்பேசியை எடுங்கள். உள்ளே ஏதேனும் ஒரு பாடத்தின் முகவரியைப் படியெடுத்து, தளத்தை இதுவரை திறந்திராத ஒருவருக்குப் புலனத்தில் அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள். தலைப்பு சரியாகத் தெரிகிறதா என்றும் கேளுங்கள். திறந்த பக்கத்தை மீண்டும் ஏற்றுங்கள். முகவரியில் ஓர் எழுத்தைப் பிழையாக மாற்றுங்கள். 'இல்லை' என்ற நேர்மையான விடை வருகிறதா பாருங்கள். பழைய தளத்தின் ஒரு முகவரியைத் தட்டுங்கள். உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் பாடத்தின் எழுத்துகளாவது தெரிகின்றனவா என்று காணுங்கள். பத்து நிமிட வேலை. இவற்றில் ஒன்று தவறினாலும் கடைசித் தவணைப் பணத்தை நிறுத்தி வையுங்கள். "வேண்டுமானால் பிறகு செய்துகொள்ளலாம்" என்பார்கள். பணம் கைமாறிய பிறகு அந்தப் 'பிறகு' வராது.

எங்கள் பள்ளியில் நிலைமை இப்பொழுது இவ்வளவு: மூன்று கூட்டங்கள், சில மனக்கசப்புகளுக்குப் பின், பாடங்களை முன்கூட்டியே கோப்புகளாக ஆக்கித் தர நிறுவனம் இணங்கியிருக்கிறது, சோதனைகள் மட்டும் பழையபடி உலாவிவழியில் இருக்கும். தமிழ் முகவரிகள் திரும்பிவிட்டன. பழைய முகவரிக்குப் புதியது எது என்ற பட்டியலை நானும் இரண்டு ஆசிரியைகளும் மாலை நேரங்களில் தட்டச்சு செய்து வருகிறோம். நேற்று இரவு வரை நூற்று அறுபத்து மூன்று முடிந்தன. உவமைத்தொடர் முதலில் செய்யப்பட்டது. இரட்டைக்கிளவிப் பாடத்தின் 301 கடந்த வெள்ளிக்கிழமை இயங்கத் தொடங்கியது. அந்த மாணவியை அழைத்து அக்காளின் புத்தகத்தை மறுபடி வருடிப் பார்க்கச் சொன்னேன். திறந்தது.

இத்தகைய ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நிலையில் உள்ள பள்ளியினர் பின்னூட்டத்தில் ஒரு வரி எழுதுங்கள். நாங்கள் பிந்திச் சேர்த்த விதிகளின் படியை அனுப்பி வைக்கிறேன்.